ஊரே பள்ளிக்கூடம்! கல்லுப்பட்டிக்கு வந்த கணக்கர் குமரப்பாவின் வரலாறு

விருதுநகர்ப் பக்கத்து வாசகர்களுக்கு டி. கல்லுப்பட்டி தெரியாத ஊர் அல்ல. திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில் இருக்கிறது. ஜில்லா எல்லைக்கு அந்தப் பக்கம், மதுரையைச் சேர்ந்தது. ஆனால் மண் ஒன்றுதான். அதே கரிசல், அதே கண்மாய், அதே பனை. அங்கே 1940-ல் வெங்கடாசலபதி என்ற தேசபக்தர் காந்தி நிகேதன் என்ற ஆசிரமத்தைத் தொடங்கினார்.

1950-களில் அந்த ஆசிரமத்துக்கு ஒரு பெரியவர் வந்து சேர்ந்தார். சீமையில் படித்தவர். நியூயார்க்கில் பட்டம் வாங்கியவர். பம்பாயில் கோட்டும் சூட்டுமாக ஆபீஸ் நடத்தியவர். அத்தனையும் உதறிவிட்டுக் கதர் வேட்டியுடன் ஒரு குடிலில் குடியேறினார். அவர்தான் ஜே.சி. குமரப்பா.

பிள்ளைகள் தங்கள் ஊர் மண்ணையும் நீரையும் மரத்தையும் நேரில் பார்த்துப் படிக்க வேண்டும் என்ற பேச்சு இன்று எங்கும் கேட்கிறது. சுற்றுச்சூழல் கல்வி என்று அதற்குப் பெயரும் வைத்தாயிற்று. அந்தப் பெயர் நம் பள்ளிக்கூடங்களுக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே, வகுப்பறைக் கதவைத் திறந்து மாணவர்களை வெயிலில் அழைத்துப் போனவர் இந்தக் கணக்கர். கணக்கருக்கும் காடு கழனிக்கும் என்ன சம்பந்தம்? அதுதான் அவருடைய கதை.

தஞ்சைப் பிள்ளை

குமரப்பா 1892-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி தஞ்சாவூரில் பிறந்தார். கிறிஸ்தவக் குடும்பம். தகப்பனார் பொதுமராமத்து இலாகாவில் உத்தியோகம் பார்த்தார். பிள்ளைக்கு இட்ட பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னீலியஸ். வீட்டில் கட்டுப்பாடு அதிகம், படிப்புக்குக் குறைவில்லை. சகோதரர்களும் பிற்காலத்தில் பேர் பெற்றவர்கள். ஜே.எம். குமரப்பா பம்பாயில் டாட்டா சமூக விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநராக இருந்தார். பரதன் குமரப்பா காந்தியடிகளின் எழுத்துகளைத் தொகுத்தவர்.

செல்லத்துரை லண்டனுக்குப் போய்க் கணக்குத் தணிக்கைப் படிப்பு படித்தார். முதல் உலக யுத்தம் நடந்த காலம் அது. படிப்பு முடிந்து அங்கேயே வேலையும் பார்த்தார். தாயார் திரும்பி வரச் சொல்லவே, 1919-ல் தாயகம் வந்தார். பம்பாயில் வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். பிறகு ஒரு கூட்டாளியுடன் சொந்தத் தணிக்கை நிறுவனம் வைத்தார். நல்ல வருமானம், நல்ல உடை, ஆங்கிலேய நடை. மண்ணில் கால் படாத வாழ்க்கை.

நியூயார்க்கில் திரும்பிய வண்டி

1927-ல் அமெரிக்கா போனார். சைரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வியாபார நிர்வாகம் படித்து, மறு ஆண்டே பட்டம் பெற்றார். அடுத்து நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகம். அங்கே செலிக்மன் என்ற பேர்பெற்ற பேராசிரியரிடம் பொதுநிதி பயின்றார்.

ஒரு தேவாலயத்தில் அவர் பேசினார். இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்பது பொருள். பத்திரிகையில் அந்தப் பேச்சின் விவரம் வந்தது. அதைப் பார்த்த செலிக்மன், அதையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொள்ளும்படி சொன்னார். குமரப்பா பிரிட்டிஷ் சர்க்காரின் வரவு செலவுக் கணக்குகளைப் புரட்டினார். வரியாக எவ்வளவு வாங்கினார்கள், அது எங்கே போயிற்று என்று தேடினார். தேடத் தேட அவருடைய ராஜபக்தி கரைந்தது. கணக்குப் பொய் சொல்லாது என்று நம்பி வளர்ந்தவர் அல்லவா? கணக்கே அவரைத் தேசியவாதி ஆக்கிவிட்டது.

தாயகம் திரும்பிய 1929-ம் ஆண்டிலேயே கொர்னீலியஸ் என்ற பெயரை விட்டு, குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவைச் சூடிக்கொண்டார்கள் சகோதரர்கள். மதத்தை விடவில்லை. கடைசிவரை ஏசுவின் பக்தராகவே இருந்தார்.

மரத்தடியில் ஒரு கிழவர்

தம் ஆராய்ச்சியை அச்சிட விரும்பினார் குமரப்பா. காந்தியடிகளிடம் காட்டும்படி நண்பர்கள் கூறினர். 1929 மே 9-ந் தேதி பிற்பகல் இரண்டரை மணிக்குச் சபர்மதி ஆசிரமத்தில் சந்திப்பு என்று ஏற்பாடாயிற்று.

நேரம் தவறாதவர் குமரப்பா. பட்டு உடையும் கைத்தடியுமாக முன்னதாகவே கிளம்பி ஆற்றங்கரைப் பக்கம் நடந்தார். ஒரு மரத்தடியில், சாணம் மெழுகிய தரையில், ஒரு கிழவர் உட்கார்ந்து நூல் நூற்றுக்கொண்டிருந்தார். குமரப்பா ராட்டையைப் பார்த்தது அதுவே முதல் தடவை. கைத்தடியில் சாய்ந்து ஐந்து நிமிஷம் வேடிக்கை பார்த்தார். கிழவர் பொக்கை வாயால் சிரித்து, நீங்கள்தான் குமரப்பாவோ என்று கேட்டார். அப்போதுதான் ஆளைப் புரிந்தது. பட்டுக் காற்சட்டையோடு அப்படியே சாணத் தரையில் உட்கார்ந்துவிட்டார். யாரோ நாற்காலி கொண்டுவந்தார்கள். அவர் ஏறவில்லை.

புத்தகத்தைத் தம் எங் இந்தியா பத்திரிகையில் தொடராக வெளியிடுவதாகக் காந்தியடிகள் சொன்னார். கூடவே ஒரு வேலையும் கொடுத்தார். குஜராத் கிராமங்களின் பொருளாதார நிலையை நேரில் கண்டு எழுத முடியுமா என்பது கேள்வி. தமக்குக் குஜராத்தி தெரியாது என்றார் குமரப்பா. குஜராத் வித்யாபீடத்து ஆசிரியர்களும் மாணவர்களும் துணைக்கு வருவார்கள் என்று பதில் வந்தது. வித்யாபீடத்தை நடத்திய காகா காலேல்கருக்கோ அவ்வளவு நம்பிக்கை இல்லை. பாஷை தெரியாத பம்பாய்த் துரையை வைத்துக்கொண்டு கிராமத்தில் என்ன செய்வது என்று அவர் தயங்கினார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. கடைசியில் தயக்கம் நீங்கியது. பட்டு போய்க் கதர் வந்தது.

ஐம்பத்து நான்கு கிராமங்கள்

கேடா ஜில்லாவில் மாத்தர் என்று ஒரு தாலூகா. 1929 டிசம்பரில் குமரப்பா மாணவர்களுடன் அங்கே புறப்பட்டார். 1930 மார்ச் வரை சுற்றினார்கள். 54 கிராமங்கள்.

அந்த மாணவர்கள் அதுவரை எப்படிப் படித்தவர்கள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்நாளில் பள்ளிப் படிப்பு என்றால் இங்கிலாந்து ராஜாக்களின் வரிசை, தேம்ஸ் நதி விழும் இடம், மனப்பாடக் கணக்கு. தங்கள் ஊர்க் கிணற்றில் கோடையில் எத்தனை முழம் தண்ணீர் நிற்கும் என்று எந்தப் பரீட்சையிலும் கேட்டதில்லை. வித்யாபீடம் சர்க்கார் கல்வியை மறுத்து 1920-ல் பிறந்த தேசியக் கல்லூரிதான். ஆனால் அங்கும் பாடம் நான்கு சுவருக்குள்தான் பெரும்பாலும் நடந்தது.

இப்போது அவர்கள் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் உட்கார்ந்தார்கள். நிலம் எத்தனை பிகா, என்ன விளைகிறது, மாடு எத்தனை, வட்டிக்கு வாங்கியது எவ்வளவு, சர்க்காருக்குக் கட்டும் தீர்வை எவ்வளவு என்று விசாரித்து எழுதினார்கள். விவசாயி சுலபத்தில் வாய் திறப்பானா? வரி போட வந்த ஆட்களோ என்று சந்தேகம். பையன்கள் திண்ணையில் பழகி, தோட்டத்துக்குக் கூடவே நடந்து, பேச்சோடு பேச்சாகக் கேட்டால்தான் உண்மை வரும். நாற்காலியில் இருந்தபடி எடுக்கும் கணக்கு அல்ல இது.

எடுத்த கணக்கை ராத்திரி குமரப்பாவிடம் காட்ட வேண்டும். லண்டன் தணிக்கையாளர் கண் அது! ஒரு பைசா இடறினாலும் பிடித்துவிடும். ஒரு வருஷத்தில் உழவன் செலவழித்த விதை, எரு, மாட்டுத் தீனி, தன் குடும்பத்தின் உழைப்பு எல்லாவற்றையும் கூட்டி, விளைச்சலின் விலையோடு வைத்துப் பார்த்தார்கள். பல குடும்பங்களுக்கு விவசாயமே நஷ்டக் கணக்காக வந்தது. அப்படி இருக்க, தீர்வை மட்டும் குறையாமல் வசூலாயிற்று. ஏன் கடன் ஏறுகிறது என்று கேட்டுப் போனவர்களுக்கு அந்தத் தாலூகாவே பதில் சொல்லிற்று.

இந்த மூன்று மாதங்களில் மாணவர்கள் கற்றதில் பொருளாதாரமும் உண்டு, பூகோளமும் உண்டு, சரித்திரமும் உண்டு. அதைவிட, குமரப்பா கற்றது அதிகம் என்றே சொல்ல வேண்டும். நியூயார்க்கில் எண்ணாகக் கண்ட வறுமையை இங்கே முகமாகக் கண்டார். அறிக்கை 1931-ல் புத்தகமாக வந்தது. பிறகு அவர் எங்கே பள்ளி வைத்தாலும், எந்தக் குழுவில் உட்கார்ந்தாலும், மாத்தரில் பழகிய வழியை விடவில்லை. முதலில் போய்ப் பார், அப்புறம் எண்ணு, அப்புறம் பேசு என்பது அந்த வழி.

மார்ச்சில் உப்பு யாத்திரை கிளம்பியது. எங் இந்தியா பத்திரிகைப் பொறுப்பு குமரப்பா கைக்கு வந்தது. எழுதினார், சிறை போனார், வந்தார், மறுபடி போனார். 1934 ஜனவரியில் பீகாரைப் பூகம்பம் உலுக்கியபோது நிவாரண நிதிக் கணக்கை அவரிடம் ஒப்படைத்தார்கள். தொண்டர்களின் சாப்பாட்டுச் செலவுக்கு இத்தனை அணாதான் என்று வரம்பு கட்டினார். காந்தியடிகள் பரிவாரத்தோடு வந்தபோதும் அந்த வரம்பைத் தளர்த்தவில்லை. கறாரான மனிதர்!

மகன்வாடி

1934 டிசம்பரில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் பிறந்தது. அதன் காரியதரிசி குமரப்பா. வார்தாவில் ஜம்னாலால் பஜாஜ் கொடுத்த தோட்டத்தில் சங்கம் நிலைகொண்டது. காந்தியடிகளின் உறவினரும் சபர்மதி ஆசிரமத்தின் தூணுமாக இருந்து 1928-ல் மறைந்த மகன்லால் பெயரால் அந்த இடத்துக்கு மகன்வாடி என்று பெயர்.

கிராமத் தொண்டர்களைப் பழக்க அங்கே ஒரு வித்யாலயம் நடந்தது. பல மாகாணத்துப் பிள்ளைகள் வந்தார்கள். காலையில் கக்கூஸ் சுத்தம் செய்வதிலிருந்து பாடம் தொடங்கும். மலமும் குப்பையும் மண்ணும் அடுக்கி எருவாக்குவது அடுத்த பாடம். முகம் சுளித்தவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் நிலத்திலிருந்து எடுத்ததை நிலத்துக்கே திருப்ப வேண்டும் என்ற விதியைப் புத்தகத்தில் படிப்பதற்கும் கூடை தூக்கிப் படிப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

செக்கு ஒரு பாடம். ஊரில் ஆட்டினால் எண்ணெய் வீட்டுக்கு, பிண்ணாக்கு மாட்டுக்கு, சாணம் வயலுக்கு. வித்தைப் பட்டணத்து மில்லுக்கு விற்றால் எண்ணெய் மட்டும் விலைக்குத் திரும்பி வரும். பிண்ணாக்கு வராது, மாடு மெலியும், வயலும் மெலியும். நெல் குத்துவது ஒரு பாடம். மில்லில் தீட்டிய அரிசியில் தவிடு போய்விடுகிறது, தவிட்டோடு சத்தும் போய்விடுகிறது. பனை ஒரு பாடம். கரும்பு நல்ல நஞ்சையையும் நீரையும் கேட்கிறது. பனையோ உழாத தரிசில் தானாக நிற்கிறது. அப்படியிருக்க, வெல்லத்துக்காக நஞ்சையைக் கரும்புக்கு விட்டு, நெல்லைக் குறைப்பானேன் என்பது குமரப்பாவின் கேள்வி. ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைக்காரர்களுக்கு இந்தக் கேள்வியின் அர்த்தம் சொல்லாமலே விளங்கும்.

கையால் காகிதம் செய்தார்கள், தேனீ வளர்த்தார்கள், சோப்புக் காய்ச்சினார்கள். மண்ணெண்ணெய்க்குப் பதில் ஊரில் கிடைக்கும் எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்ற விளக்கும் அங்கே உருவானது. 1938 டிசம்பர் 30-ந் தேதி காந்தியடிகள் ஒரு காட்சி சாலையையும் திறந்துவைத்தார். மகன் சங்கிரகாலயம் என்ற அந்தக் காட்சி சாலையில், கிராமத்தின் கருவிகளும் சரக்குகளும் மற்ற இடங்களில் சாமி சிலைகளை வைப்பதுபோல மரியாதையாக வைக்கப்பட்டன.

குமரப்பா செய்ததெல்லாம் சரி என்று சொல்லிவிட முடியாது. உலக்கை பெண்களின் இடுப்பை ஒடித்தது என்பதை அவர் போதுமான அளவு எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. இயந்திரம் வந்தபோது கிராமத்துப் பெண்கள் பெருமூச்சு விட்டது அலுப்பு தீர்ந்த பெருமூச்சு. ஆனால் ஒரு பொருளைக் கையில் எடுத்தால் அது எங்கிருந்து வந்தது, யார் வேர்வையில் ஆயிற்று, எங்கே போய்ச் சேரும் என்று கேட்கப் பழக்கினாரே, அந்தப் பழக்கத்துக்கு வயதாகவில்லை.

வார்தாவில் இரு தமிழர்

1937 அக்டோபரில் வார்தாவில் கல்வி மாநாடு கூடியது. மாகாணங்களில் காங்கிரஸ் மந்திரிசபைகள் அமைந்த வருஷம். ஏழு வருஷ இலவசக் கட்டாயக் கல்வி, தாய்மொழியில், ஒரு கைத்தொழிலை நடுவே வைத்து நடத்த வேண்டும் என்று முடிவாயிற்று. பாடத் திட்டம் வகுக்கப் பின்னாளில் ராஷ்டிரபதியான ஜாகிர் உசேன் தலைமையில் குழு போட்டார்கள். வினோபா, காகா காலேல்கர் ஆகியோருடன் குமரப்பாவும் அதில் ஓர் அங்கத்தினர். குழுவைக் கூட்டி நடத்தியவர் ஆரியநாயகம், யாழ்ப்பாணத் தமிழர். சாந்திநிகேதனில் தாகூரிடம் இருந்து பழகியவர். இப்படி ஆதாரக் கல்வி என்று தமிழில் பெயர் பெற்ற அந்தத் திட்டத்தில் இரு தமிழர்களின் கை உண்டு.

அந்தத் திட்டத்தைப் பலர் ராட்டைப் பள்ளிக்கூடம் என்று கேலி செய்து ஒதுக்கினார்கள். அறிக்கையைப் படித்தவர்களுக்கு வேறு ஒன்று தென்படும். மூன்று மையங்களிலிருந்து பாடம் கிளம்ப வேண்டும் என்கிறது அது. கைத்தொழில் ஒன்று. பிள்ளையைச் சுற்றியுள்ள இயற்கை இரண்டு. பிள்ளையைச் சுற்றியுள்ள சமூகம் மூன்று. பக்கத்துச் செடி கொடி, பறவை, பூச்சி, பருவ மாறுதல், வானத்து நட்சத்திரம் எல்லாம் விஞ்ஞானப் பாடமாக இடம் பெற்றன. சுற்றுச்சூழல் என்ற சொல் இல்லாமலே முழுச் சுற்றுச்சூழல் கல்வி.

சிறையில் பிறந்த நூல்

1942 போராட்டத்தை ஒட்டிக் குமரப்பாவை ஜபல்பூர் சிறையில் அடைத்தார்கள். அங்கே இரண்டு புத்தகங்கள் எழுதினார். ஒன்று ஏசுவின் வாழ்க்கை நெறி பற்றியது. மற்றது நிலைத்த பொருளாதாரம் பற்றியது. 1945-ல் வெளிவந்தது. காந்தியடிகள் முன்னுரை எழுதி, கிராமக் கைத்தொழில் டாக்டர் என்று விளையாட்டாகப் பட்டமும் சூட்டினார்.

பொருளாதார நூலில் புலியும் குரங்கும் தேனீயும் வருகின்றன. புலி ஆட்டைக் கொன்றே பிழைக்கிறது. குரங்கு தான் நடாத மாந்தோப்பில் பறித்துத் தின்கிறது. தேனீ எடுக்கும்போதே மகரந்தம் சுமந்து கொடுக்கவும் செய்கிறது, கூட்டத்துக்கெல்லாம் சேர்த்தும் வைக்கிறது. தாய்ப் பறவை ஒன்றும் எதிர்பாராமல் குஞ்சுக்கு ஊட்டுகிறது. மனிதனின் தொழில்களும் இப்படிப் பல படிகளில் நிற்கின்றன என்று அவர் வகுத்தார். நிலக்கரியும் பெட்ரோலும் தொட்டித் தண்ணீர், எடுக்க எடுக்கக் குறையும். காடும் வயலும் ஓடும் ஆறு, அளவறிந்து எடுத்தால் குறையாது. இதைச் சொல்லும்போது வருஷம் 1945 என்பதை மறக்கக் கூடாது.

குமரப்பா சொன்ன ஒரு கோகோ கதையும் உண்டு. ஒருவர் காலையில் கோகோ குடிக்கிறார். அந்தக் கொட்டை ஆப்பிரிக்கக் கரையில் அடிமைபோல் வேலை வாங்கி விளைந்ததாக இருக்கலாம். அப்படியானால் குடித்தவருக்கும் அந்தப் பாவத்தில் பங்கு உண்டு என்று குமரப்பா வாதிட்டார். தூர தேசத்துச் சரக்கானால் அதன் கதை தெரியாது, ஊர்ச் சரக்கானால் கண்முன் தெரியும் என்பது அவருடைய நம்பிக்கை.

சுதந்திரம் வந்தது. நிலச் சீர்திருத்தக் குழுவுக்கு அவரைத் தலைவராக்கினார்கள். 1949-ல் அறிக்கை கொடுத்தார். டில்லியில் பெரிய அணைகளும் பெரிய ஆலைகளும் பேசப்பட்ட காலம். இவர் குரல் எடுபடவில்லை. கோபம் வந்தால் நாக்கு காரமாகும் சுபாவம் வேறு, நண்பர்களையும் அது சுட்டது. வார்தா அருகே செல்டோ கிராமத்தில் பண்ணை ஆசிரமம் வைத்து உழவராக இருந்து பார்த்தார். சீனா, ஜப்பான், ரஷ்யா போய் வந்தார். உடம்பு தளர்ந்தது. கல்யாணம் செய்துகொள்ளாதவர். தமிழ்நாட்டுக்கே திரும்பினார்.

கரிசல் மண்ணில்

கல்லுப்பட்டிக் குடிலில் அவர் ஓர் ஏழைக் குடியானவன் படத்தை மாட்டியிருந்தார். வந்தவர்கள் இது யார் என்று கேட்பார்கள். காந்தியடிகள் தம் எஜமானர், இவர் அந்த எஜமானருக்கும் எஜமானர் என்று விளக்குவாராம்.

தஞ்சை வண்டலில் பிறந்தவருக்குக் கரிசல் புது மண். மழை பெய்தால் காலைப் பிடித்து இழுக்கும், வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். பருத்தியும் கம்பும் சோளமும் வானத்தை நம்பி நிற்கும். கண்மாய் நிறைந்தால் ஊர் நிறையும். கோடையில் கண்மாய் வண்டலை வெட்டி வயலில் கொட்டுவது இந்தச் சீமையின் பழைய வித்தை. மகன்வாடியில் பாடமாக நடந்தது இங்கே சம்சாரிகளின் வழக்கமாகவே இருந்தது.

அவர் கல்லுப்பட்டியில் இருந்த காலத்தை ஒட்டித்தான் சென்னை ராஜ்யத்தில் கல்விச் சண்டை மூண்டது. 1953-ல் ராஜாஜி மந்திரிசபை கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பாட நேரத்தை நாளுக்கு மூன்று மணியாகக் குறைத்தது. மிச்ச நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்றது. குலக்கல்வி என்று நாடே கொதித்தது. பெரியாரும் தி.மு.க.வும் போராடினார்கள். காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு. 1954 ஏப்ரலில் விருதுநகர் காமராஜ் முதல் மந்திரியானார். அடுத்த மாதமே திட்டம் ரத்தாயிற்று. 1956-ல் மதிய உணவும் வந்தது.

கொதித்தவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. வண்ணான் மகன் வெளுக்கவும் குயவன் மகன் மண் பிசையவும்தானா சுதந்திரம் வந்தது? ஆதாரக் கல்வி அதுவல்ல. அதில் எந்த ஜாதிப் பிள்ளைக்கும் ஒரே தொழில், ஒரே வாத்தியார், முழு நாள் பள்ளிக்கூடம். தொழிலில் பிழைப்பது நோக்கமல்ல, தொழில் வழியாகக் கணக்கும் விஞ்ஞானமும் அறிவது நோக்கம். ஆனால் சண்டையின் புழுதியில் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன. மண்ணையும் கைவேலையையும் பள்ளிக்கூடத்தில் பேசினாலே சந்தேகம் பிறந்தது. மேல்ஜாதிக்காரர் பிள்ளை இங்கிலீஷ் படிக்க, தன் பிள்ளை எருக்கூடை தூக்குவதா என்று ஏழைத் தகப்பன் கேட்டான். குமரப்பாவின் கூட்டத்தார் இந்தக் கேள்விக்கு அவன் மனம் ஒப்பும் பதிலைக் கடைசிவரை சொல்லவில்லை.

தெற்கே சிவகாசியில் இன்னொரு விதமான கைவேலை நடந்துகொண்டிருந்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்து, மறு ஆண்டில் தீப்பெட்டி உற்பத்தியைத் தொடங்கினார்கள். வானம் பொய்த்த பூமியில் பல்லாயிரம் அடுப்பை எரிய வைத்த தொழில் அது. பட்டாசும் சேர்ந்துகொண்டது. ஆனால் குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் சிறு விரல்கள் சௌகரியமாக இருந்தன. விடியுமுன் கிராமங்களில் பஸ் நின்று பிள்ளைகளை ஏற்றிப் போவது பல காலம் நடந்தது. அந்தப் பிள்ளைகளும் கையால்தான் வேலை செய்தார்கள். மருந்து ஏன் பற்றுகிறது, மரக்கட்டை எந்த மலையிலிருந்து வருகிறது, ஒரு குரோசுக்கு முதலாளிக்கு என்ன நிற்கிறது, தனக்கு என்ன நிற்கிறது என்று யாரும் சொல்லித்தரவில்லை. கோகோ குடித்தவருக்குப் பாவத்தில் பங்கு உண்டு என்றால், ஆசிரமத்து அடுப்பைப் பற்றவைத்த தீக்குச்சிக்கும் ஒரு கதை இருந்தது. அது ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததல்ல. பக்கத்து ஊர்ச் சரக்கின் கதை தானாகக் கண்முன் தெரியும் என்ற குமரப்பாவின் நம்பிக்கை இந்தப் பூமியில் பலிக்கவில்லை. பக்கத்தில் இருந்தும் பார்க்கப் பழக்கினால்தான் தெரியும்.

அதே ஜனவரி 30

1960-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி, சென்னை ஆஸ்பத்திரியில் குமரப்பா காலமானார். வயது 68. பன்னிரண்டு வருஷங்களுக்கு முன் காந்தியடிகள் சுடப்பட்ட அதே தேதி.

பிறகு ஆதாரப் பள்ளிகள் ஒவ்வொன்றாகச் சாதாரணப் பள்ளிகளாக மாறின. ராட்டைகள் பரணுக்குப் போயின. 1991-ல் உச்ச நீதிமன்றம், எம்.சி. மேத்தா என்ற வழக்கறிஞர் தொடுத்த வழக்கில், சுற்றுச்சூழலைப் பள்ளிகளில் கட்டாயப் பாடமாக்கும்படி உத்தரவிட்டது. அதே மேத்தா தொடுத்த இன்னொரு வழக்கு சிவகாசிப் பிள்ளைகளுக்காக. 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ஆபத்தான தொழிலில் ஒரு பிள்ளையை வைத்தால் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டும் என்றது. பஸ்களில் இருந்து பிள்ளைகள் இறங்கினார்கள். வகுப்பில் போய் உட்கார்ந்தபோது கையில் சுற்றுச்சூழல் புத்தகம் இருந்தது. அதில் துருவக் கரடியின் படம் உண்டு. ஊர்க் கண்மாய் இல்லை.

மேற்கே மலையடிவாரத்தில் 1988-ல் சாம்பல் நிற மலை அணிலுக்குச் சரணாலயம் அமைத்தார்கள். 2021-ல் அந்தக் காடு ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகமாயிற்று. பள்ளிப் பிள்ளைகள் வேன் வைத்துப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். நல்லதுதான். ஆனால் குமரப்பா வேன் தேடியிருக்க மாட்டார். பள்ளிக்குப் பின்னால் உள்ள வாய்க்காலில் இறங்கி, இது எந்தக் கண்மாய்க்குப் போகிறது, நடுவில் யார் அடைத்தார்கள், மடை எத்தனை நாளாகத் திறக்கவில்லை என்று எழுதச் சொல்லியிருப்பார். ராத்திரி நோட்டை வாங்கிக் கூட்டலையும் சரிபார்த்திருப்பார்.

மாத்தர் அறிக்கை இருக்கிறது. 54 கிராமங்களின் நிலமும் மாடும் கடனும் தீர்வையும் அதில் பதிவாகியிருக்கின்றன. மாணவர்கள் வாசல் வாசலாக நடந்து எடுத்த கணக்கு அது.